சமையலறையைப் புதுப்பிக்கும்போது எதை இடிப்பது, எதை விட்டுவைப்பது?

தமிழ்நாட்டில் 1980, 90களில் கட்டிய காங்கிரீட் வீடுகளின் சமையலறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டரை அடி உயரத்தில் மேடை, அதன்மேல் கடப்பாக் கல் அல்லது கறுப்பு கிரானைட். மேடைக்கு அடியில் செங்கல் தடுப்புகள், ஓர் ஓரத்தில் சிலிண்டர். சுவரில் கதவில்லாத கடப்பாக் கல் தட்டுகள், தலைக்கு மேல் பரண், ஒரு ஜன்னல். முப்பது வருஷப் புழக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, சிங்க் குழாய் கசிந்து, ‘இதை மொத்தமாக எடுத்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டுவிடலாம்’ என்ற பேச்சு வீட்டில் எழும். அந்த நேரத்தில், ‘செலவு செய்வதுதான் செய்கிறோம், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் செய்யலாமே’ என்று ஒருவராவது சொன்னால் அது நல்ல விஷயம். அந்த ஒருவருக்காக எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் மூங்கில் பலகை, பசுமை பெயின்ட், இயற்கைப் பலகை என்று நிறையக் காட்டுவார்கள். அவற்றில் சில நல்லவைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு முடிவுகள்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. எவ்வளவு இடிக்கிறோம் என்பது ஒன்று. அடுத்த பதினைந்து வருஷம் எதில் சமைக்கப் போகிறோம் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் முடிவு செய்யாமல் கைப்பிடி நிறத்தைத் தேர்ந்தெடுக்க உட்கார வேண்டாம்.

இடிப்பதா, திருத்துவதா

மாடுலர் பெட்டிகள் வெற்றுச் சுவருக்கு முன்னால் நிற்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஆகவே அளவெடுக்க வருபவர் முதலில் சொல்வது, மேடையையும் தடுப்புகளையும் கல் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள் என்பதுதான். ஒரு சிறிய சமையலறையை உடைத்தாலே டிராக்டரில் ஏற்றி அனுப்புகிற அளவு இடிபாடு வெளியேறும். அது எங்கே போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கட்டடக் கழிவு மேலாண்மைக்கு 2016 முதல் தனி விதிகள் உண்டு. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டடக் கழிவை அரைத்து மறுபயன்பாட்டுக்கு மாற்றும் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் சிறிய வேலைகளின் இடிபாடு பெரும்பாலும் ஊர்க் கண்மாய்க் கரையிலும் ஏரி ஓரத்திலும்தான் கொட்டப்படுகிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்கள் மேடானதில் இப்படிப்பட்ட லோடுகளுக்கும் பங்குண்டு.

வெளியே போவது இப்படி என்றால், உள்ளே வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண சிமென்ட் ஐம்பது கிலோ மூட்டை ஒன்றைத் தயாரிக்கச் சுமார் 40 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டில் இது கணிசமாகக் குறையும், பூச்சு வேலைக்கு அதுவே போதும். சுவர் ஓடுகள் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியில் ஆயிரம் டிகிரிக்கு மேலான சூளையில் வெந்து, லாரியில் நாட்டைக் கடந்து வருகின்றன. ஜன்னலின் மேல் விளிம்பு வரை ஓடு ஒட்டுவதற்கும் மேடைக்கு மேல் இரண்டு அடி மட்டும் ஒட்டுவதற்கும் இடையே ஓட்டின் அளவு பாதிக்கு மேல் குறைகிறது. தாளிப்பு தெறிப்பது அந்த இரண்டு அடிக்குள்தான்.

பழைய சமையலறையின் மேல் உள்ள குறைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். மேடை உயரம் போதவில்லை, இருட்டு, புகை போகவில்லை, கரப்பான், சாமான் வைக்க இடமில்லை. இவற்றில் எதற்குமே மேடையை உடைக்க வேண்டியதில்லை. உயரம் குறைவென்றால், கல் பதிக்கத் தெரிந்த ஆளை வைத்து மேல் கல்லைப் பக்குவமாகப் பெயர்த்து, ஒரு வரிசைச் செங்கல் வைத்து அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கரப்பானுக்குக் காரணம் தடுப்பும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள விரிசல்கள். பூசி அடைத்தால் போதும். மூடிய மாடுலர் பெட்டிக்குள் கரப்பான் இன்னும் சௌகரியமாக வாழும் என்பதை அதை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள்.

உடைத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு. சுவருக்குள் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறது, பரணின் அடியில் காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது என்றால் தயங்காமல் உடைத்துச் செய்யுங்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுத்துத் திறந்த சமையலறை ஆக்கும் ஆசைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் செங்கல் சுவரேதான் தளத்தைத் தாங்குகிறது. பொறியாளர் பார்க்காமல் மேஸ்திரி வாக்கை நம்பி எடுக்கக் கூடாது.

அலமாரிக்கு எது

திருத்துவது என்று முடிவானால் பாதி வேலை முடிந்தது. கல் தட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன, வேண்டியது கதவுகளும் சில இழுப்பறைகளும்தான். முழுதாகப் புதிது செய்கிறவர்களுக்குப் பெட்டியே வேண்டும். இரண்டு தரப்புக்கும் பொருள் தேர்வு ஒன்றுதான்.

பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் விலை குறைவு. மரத்தூளில் செய்வதால் மரம் வெட்டாத பொருள் என்று விற்கிறார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் தூளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. சூடும் ஈரப்பதமும் கூடக்கூட அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் வெளியேறுவதும் கூடும். நம் சமையலறையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இந்த வாயுவை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. போதாக்குறைக்கு, சிங்குக்கு அடியில் ஒருமுறை தண்ணீர் தேங்கினால் போர்டு ஊதிவிடும். ஊதிய போர்டை எடைக்குக்கூட எடுக்க மாட்டார்கள். சில வருஷத்தில் குப்பைக்குப் போகிற பொருளில் பசுமை இல்லை என்பது என் எண்ணம்.

பிளைவுட்டில் இரண்டு உலகம் இருக்கிறது. ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரையில் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும் வகை) என்று இருந்தால் அதுவும் யூரியா பசைதான். கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர்., அல்லது ஐ.எஸ். 710 என்ற பி.டபிள்யூ.பி. வகை என்றால் ஃபீனால் பசை. இது தண்ணீரைத் தாங்கும், ஃபார்மால்டிஹைட் வெளியேற்றமும் மிகக் குறைவு. சமையலறைக்குப் பிளைவுட் என்றால் இவை மட்டும்தான். கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லை நம்பாமல் பலகையின் மேல் அச்சிட்ட ஐ.எஸ். எண்ணை நீங்களே பாருங்கள். ஓரங்களை மூடாமல் விட்டால் நல்ல பலகையும் கெடும், ஆகவே ஆசாரியிடம் ஓரப்பட்டை ஒட்டாத ஒரு விளிம்பும் இருக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பி.வி.சி. பலகைக்குக் கறையான் பயமும் தண்ணீர் பயமும் இல்லை. அதனால்தான் இன்று எல்லா ஊரிலும் பரவியிருக்கிறது. ஆனால் அடுப்புப் பக்கத்துச் சூட்டில் வளையும். தீப்பிடித்தால் அதன் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். ஆயுள் முடிந்ததும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. சிங்குக்கு அடியில் ஒரு கதவுக்கு வேண்டுமானால் சரி, சமையலறை முழுக்க வேண்டாம்.

அலுமினியமும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் எதிர்ப்பக்கத்தில் நிற்கின்றன. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். ஆனால் பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க அந்த ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும். முப்பது வருஷம் கழித்தும் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுப்பார், அதாவது அது குப்பைமேட்டுக்குப் போகாது. கல் தட்டுகளுக்கு முன்னால் அலுமினியச் சட்டமிட்ட கதவு போடுவதற்கு எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும், ஒரு நாளில் வேலை முடியும், பசை நெடி இல்லை. ஸ்டீல் பெட்டி விலை கூடுதல், எதுவும் அரிக்காது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு 304க்குக் குறைந்த வகை துருப்பிடிக்கும் என்பதால் வகையை உறுதி செய்து வாங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி பழைய மரம். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், உத்திரங்களை விற்கும் கடை நம் ஊர்கள் பலவற்றில் இருக்கிறது. காரைக்குடியில் தெருவே உண்டு. அறுபது எழுபது வருஷம் காய்ந்த தேக்கு இனி வளையாது, வெடிக்காது. ஒரு பழைய இரட்டைக் கதவிலிருந்து மேடைக்கு அடியில் வேண்டிய சட்டங்கள் பலவும் கிடைத்துவிடும். நல்ல ஆசாரி ஒருவர் கையில் அது எந்தக் கண்காட்சிச் சமையலறையையும் விட அழகாக வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டை வீட்டுக்குள் உலரத் தேய்க்காதீர்கள். வெளியில் வைத்து, ஈரப்படுத்தித் தேய்த்து, தூளைத் திரட்டி அகற்ற வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பழைய மரம் கிடைக்காதவர்களுக்கு ரப்பர் மரம் நல்ல மாற்று. கன்னியாகுமரி, கேரளத் தோட்டங்களில் பால் வற்றிய பிறகு எப்படியும் வெட்டப்படும் மரம் அது. மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும்.

புதிய தட்டுகள் வேண்டுமென்றால் ஃபெரோசிமென்ட் பற்றியும் கேட்டுப் பாருங்கள். கோழிவலைக் கம்பியின் மேல் சிமென்ட் கலவை பூசி ஓர் அங்குலக் கனத்தில் வார்ப்பது. புதுச்சேரி, ஆரோவில் பக்கத்தில் இதைத் தெரிந்த கொத்தனார்கள் நிறைய இருக்கிறார்கள். சாதாரண காங்கிரீட் பலகையை விட மெல்லியது என்பதால் சிமென்டும் கம்பியும் குறைவு.

மேடைக் கல்லும் தரையும்

இருக்கிற கிரானைட்டுக்குப் பாலிஷ் போட்டால் புதிதாகிவிடும். புதுக் கல்லே வேண்டுமென்றால், கிரானைட்டா குவார்ட்ஸா என்ற கேள்வி வரும். குவார்ட்ஸ் என்று விற்பது வெட்டியெடுத்த கல் இல்லை. குவார்ட்ஸ் தூளைப் பிளாஸ்டிக் பிசினில் பிணைத்துச் செய்த பலகை. அதை அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் நுண்ணிய சிலிக்கா தூசி போய் சிலிகோசிஸ் நோய் வருகிறது. இந்தக் காரணத்துக்காக ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்தது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் பிசின் கருகித் தடம் விழும். அடியில் எதுவும் போடாமல் இறக்கி வைக்கிற நம் பழக்கத்துக்கு அது ஒத்துவராது. கிரானைட்டை அறுக்கும்போதும் சிலிக்கா தூசி பறக்கும், ஆனால் செயற்கைப் பலகையில் சிலிக்கா அளவு மிக அதிகம். எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், வாசலில் உலர அறுக்க விடாதீர்கள்.

கிரானைட் கிருஷ்ணகிரியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வருகிறது, தூரம் குறைவு. அதற்காக அது பழியில்லாத பொருள் ஆகிவிடாது. மேலூர் வட்டாரத்தில் குவாரிகள் குன்றுகளையும் கண்மாய்களையும் என்ன செய்தன என்பது 2012க்குப் பிறகு ஊரறிந்தது. அந்த வட்டாரத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் மலையைக் காக்க நின்ற மக்களின் உழைப்பு இருக்கிறது. அதனால்தான் முதலில் பழைய கல்லைக் காப்பாற்றச் சொல்கிறேன். சிறு இடங்களுக்குக் கல் கடையில் ஒதுக்கிப் போட்ட துண்டுக் கற்களைக் கேட்டு வாங்கலாம், விலையும் குறையும்.

கடப்பாக் கல் சுண்ணாம்பு வகை என்பதால் எலுமிச்சை, புளி பட்டால் வெளுக்கும். தட்டுக்கு ஏற்றது, மேடைக்கு இல்லை. தரைக்கு ஆத்தங்குடிக் கல்லை ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்து உலர்த்துகிற அந்தக் கைவேலைக்கு என் ஆதரவு எப்போதும் உண்டு, ஆனால் மஞ்சளும் எண்ணெயும் சிந்துகிற இடத்தில் கறை பிடிக்கும். அதை ஹாலில் போடுங்கள். சமையலறையில் பழைய மொசைக் தரை இருந்தால் பட்டை தீட்டி அப்படியே வைத்துக்கொள்வதை விடச் சிறந்தது கிடையாது.

கேஸா, இண்டக்ஷனா

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். மின்சாரம் என்றால் பசுமை, கேஸ் என்றால் கெடுதல் என்ற முடிவு வெளிநாடுகளிலிருந்து வந்து நம் ஊரில் அப்படியே சொல்லப்படுகிறது. நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அதன் வெப்பத்தை மின் யூனிட்டாக மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 180. கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4246, குறைந்தது 68 சதவீத வெப்பம் பாத்திரத்தில் ஏற வேண்டும் என்கிறது. ஆக நமக்குக் கிடைக்கும் சூடு சுமார் 122 யூனிட். அதே சூட்டை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்ஷனில் பெற ஏறக்குறைய 144 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியாகும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வெளியாகிறது என்பது மத்திய மின் ஆணையத்தின் கணக்கு. 144 யூனிட்டுக்கு நூறு கிலோவைத் தாண்டுகிறது. எரிவாயுவைச் சுத்திகரித்துக் கப்பலில் கொண்டுவருவதில் வெளியாகும் கரியமில வாயுவையும் சேர்த்தால் இடைவெளி கொஞ்சம் குறையும், ஆனால் மறையாது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருகிற வரைக்கும், வெறும் இண்டக்ஷன் வாங்கி வைப்பதால் மட்டும் காற்றில் கரியமில வாயு குறையாது.

மொட்டைமாடி இருந்தால் கதை மாறுகிறது. நூறு சதுர அடியில் ஒரு கிலோவாட் சோலார் வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு நாளைக்குச் சராசரியாக நான்கு யூனிட் கிடைக்கும். முப்பத்தாறு நாளில் 144 யூனிட். ஒரு சிலிண்டர் ஐந்து வாரம் வருகிற குடும்பத்துக்கு அந்த ஒரு கிலோவாட்டே அடுப்பைச் சமன்செய்துவிடும். 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் வைத்தார்கள். காலை ஆறு மணிக்கு இட்லிக்கொப்பரை ஏறும்போது பேனலில் மின்சாரம் இருக்காது என்பது உண்மைதான். அதை ஈடுகட்டப் பருப்பு வேக வைப்பது, மாவு அரைப்பது, மதியச் சோறு ஆகியவற்றைப் பத்து மணிக்கு மேல் தள்ளலாம். வீட்டில் பகலில் ஆள் இருந்தால்தான் இது நடக்கும்.

சோலார் இல்லாமல் இண்டக்ஷனுக்கு மாறுகிறவர்கள் மின் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு சிலிண்டர் எரிக்கும் வீட்டில் இரண்டு மாத பில்லில் 280 யூனிட்டுக்கு மேல் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே ஏறிவிடுகிற முறையில் இது சிறிய விஷயமல்ல.

பாத்திரங்களும் ஒரு தடை. ஈயச்சொம்பு, கல்சட்டி, மண்சட்டி, வெண்கலப் பானை, அலுமினியக் குண்டான் எதுவும் இண்டக்ஷனில் சூடேறாது. இரும்புத் தோசைக்கல் ஏறும், ஆனால் சுருள் இருக்கிற வட்டத்தில் மட்டும் முறுகி ஓரம் வெளுத்து நிற்கும். அப்பளம் சுடவும் கத்தரிக்காய் சுடவும் தணல் வேண்டும். இருக்கிற பாத்திரங்களைத் தள்ளிவிட்டுப் புதுத் தொகுதி வாங்குவது சுற்றுச்சூழலுக்கும் செலவுதான்.

அப்படியானால் இண்டக்ஷனுக்கு நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வீட்டுக்குள்ளேயே வெளியாகிறது. ஜன்னல் சரியில்லாத அடுக்குமாடிச் சமையலறையில், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய காரணம். சமைப்பவருக்கு உடம்பில் அடிக்கும் வெக்கையும் குறையும். சித்திரை மாதத்தில் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

என் பரிந்துரை இது. சமையலுக்கு ஒரே வழி என்று கட்டிக்கொள்ளாமல், இரண்டு பர்னர் கேஸும் ஒரு இண்டக்ஷனும் வையுங்கள். பால், வெந்நீர், குக்கர் இண்டக்ஷனில். தோசை, தாளிப்பு, மண்சட்டிக் குழம்பு கேஸில். இப்போது இண்டக்ஷன் வாங்காவிட்டாலும், சுவர் திறந்திருக்கும் இந்த வேலையின்போதே மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி.யோடு (மின்சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மேடைக்கு மேல் இரண்டு 16 ஆம்பியர் பிளக் வைத்துவிடுங்கள். பிறகு இதற்காகச் சுவர் ஓடுகளை உடைக்க நேர்ந்தால் மறுபடியும் இடிபாடுதான். எதில் சமைத்தாலும் பருப்பை ஊறவைப்பதும், மூடி போட்டு வேகவைப்பதும், விசில் வந்ததும் தீயைக் குறைப்பதும் எரிபொருளைக் கண்கூடாகக் குறைக்கும்.

காற்று, தண்ணீர், ஃபிரிட்ஜ்

புகைபோக்கி வாங்கினால் குழாய் வழியே வெளியே தள்ளுகிற வகையே வேண்டும். குழாயில்லாத வகை கரி வடிகட்டியில் காற்றைச் சுற்றி உள்ளேயே விடுகிறது, நம் தாளிப்புக்கு அது போதாது. அடுப்புக்கு நேர் மேலே ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கிற வீட்டில் புகைபோக்கியே தேவையில்லை. ஃபேனின் மோட்டார் இழுக்கும் மின்சாரம் புகைபோக்கியின் மோட்டாரில் சிறு பங்குதான்.

குடிநீருக்கு ஆர்.ஓ. வைப்பதா என்பதைத் தண்ணீரைச் சோதித்து முடிவு செய்யுங்கள். பல இயந்திரங்கள் ஒரு லிட்டர் வடிகட்ட இரண்டு மூன்று லிட்டரை வெளியே விடுகின்றன. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அங்கே அதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. மாநகராட்சி ஆற்றுத் தண்ணீர் வருகிற வீட்டுக்கு யு.வி. (புற ஊதாக் கதிர்) வடிகட்டி போதும். போர்வெல் உப்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஆர்.ஓ. தவிர்க்க முடியாது. அவர்கள் கழிவுக் குழாயை ஒரு தொட்டிக்குத் திருப்பித் தரை துடைக்கப் பயன்படுத்தலாம்.

சிங்க் தண்ணீரைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனியே கொல்லைப்புறம் கொண்டுபோக இந்த வேலையின்போதே வழி செய்ய வேண்டும். நம் வீடுகளில் அங்கணத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போனது நல்ல ஏற்பாடு. எண்ணெய்ப் பசையைப் பிடிக்க நடுவில் ஒரு சிறு தொட்டி வைத்தால் மண் அடைக்காது. குழாய் முனையில் நுரைவடிகட்டி (தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்) மாட்டினால் தண்ணீர்ச் செலவு கணிசமாகக் குறையும், விலை சொற்பம்.

புது ஃபிரிட்ஜ் வாங்குவதானால் நட்சத்திரத்தோடு குளிரூட்டும் வாயுவின் பெயரையும் படியுங்கள். ஆர் 134ஏ ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர் 600ஏ வகையில் அது மூன்று நான்கு கிலோதான். எதை வாங்கினாலும் அடுப்பை ஒட்டி வைக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

மேலே சொன்னதில் பாதி சொந்த வீட்டுக்குத்தான் பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் கை வைக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. போர்டு பெட்டிக்குப் பதில் நின்றபடி இருக்கும் ஸ்டீல் ஸ்டாண்ட், ஒரு இண்டக்ஷன், குழாய்க்கு நுரைவடிகட்டி, மேடைக்குக் கீழ் மட்கும் குப்பைக்கு இரண்டு மண் தொட்டிகள். தொட்டியில் காய்கறித் தோலின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நார்த் தூளோ ஒவ்வொரு முறையும் தூவினால் நாற்றம் வராது. ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு மற்றதில் போடத் தொடங்கலாம், இரண்டு மூன்று மாதத்தில் முதல் தொட்டி உரமாகியிருக்கும். வீடு மாறும்போது இவை அத்தனையும் உங்களோடு வண்டியில் ஏறிவிடும்.